வீட்டில் ஒரு குடிநோயாளி: கணவன் மனைவி இருவருக்கும் சில வார்த்தைகள்



குடும்ப நலம் என்றதும் கருத்தடை, தடுப்பூசி, கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை என்று பேச வந்திருக்கிறார்கள் என நினைத்திருப்பீர்கள். அவை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். கெலமங்கலம் பக்கத்தில் ஓர் ஊரில் பேசிவிட்டுப் புறப்படும் நேரத்தில் ஓர் அம்மா தனியாக வந்தார். "குடிக்கிறவங்களுக்குப் புத்தி சொல்ல ஊருபட்ட பேர் இருக்கீங்க. அவங்களை வெச்சுக் காப்பாத்துற எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் ஜீப்பில் ஏறிவிட்டேன் என்பதில் எனக்கு வருத்தம். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் வீட்டில் குடிக்கிறவர் அவருடைய கணவர் இல்லை, கொழுந்தன். கணவர் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இரவுதான் திரும்புவார். அந்த அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார், கால் ஏக்கரில் ரோஜா. கொழுந்தனுக்கு வயது 27. அவரும் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலைக்குப் போனவர்தான். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்தது. கையில் காசு குறையக் குறைய, ஜுஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய், அங்கே விற்கிற சின்ன அட்டை டப்பாச் சரக்கு வாங்கிக் குடிக்கப் பழகினார். இரண்டு வருஷத்தில், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது என்றால் அது கெட்ட பழக்கம் என்கிற எல்லையைத் தாண்டிவிட்டது. உடம்பு சாராயத்துக்குப் பழகிப்போய், அது இல்லாமல் ஓட மறுக்கிறது. மருத்துவர்கள் இதை நோய் என்கிறார்கள். புத்தி சொல்லியும் அடித்தும் சர்க்கரை வியாதியைக் குறைக்க முடியாது அல்லவா? அப்படித்தான் இதுவும். நோய் என்று சொல்வதால் அவர் செய்கிற தப்பெல்லாம் மன்னிப்பாகிவிடுமா என்று ஆண்கள் பக்கத்திலிருந்து யாராவது கேட்பீர்கள். ஆகாது. அடித்தால் அடி அடிதான், திருடினால் திருட்டுத்தான். ஆனால் வைத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் வைத்தியம்தான் செய்ய வேண்டும்.

சரி, அந்த வீட்டில் என்ன நடந்தது? முதலில் மூடி மறைத்தார்கள். பட்டறை சூப்பர்வைசர் போன் செய்தால், "காய்ச்சலுங்க, படுத்திருக்கார்" என்று பதில் சொன்னவர் அண்ணி. கடைக்காரர் கடன் கேட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, பால் காசில் கொடுத்து அனுப்பியவரும் அண்ணிதான். ராத்திரி அவர் விழுந்து கிடந்தால் அக்கம்பக்கம் பார்க்கும் முன் இழுத்து வந்து திண்ணையில் போட்டவர் மாமியார். பிறகு மகளிர் குழுவில் மாட்டுக்கு என்று சொல்லிக் கடன் வாங்கினார்கள். அது கொழுந்தனின் கடனுக்குப் போனது. தவணை மட்டும் அண்ணியின் பெயரில் நின்றது.

இங்கே ஒரு விஷயம் இடையில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் முதலில் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள் இருந்தது, 2004-இல்தான் தனி மாவட்டமானது. ஆக, குழுப் பணத்தின் அருமை நம் பெண்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பணம் வீட்டு ஆண்களின் பாட்டில் கடனுக்குப் போவதை நான் ஒரு ஊரில் பார்க்கவில்லை, பல ஊரில் பார்த்திருக்கிறேன்.

இப்படி மறைப்பது பாசத்தால்தான். குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். பொய் சொல்லிக் காப்பாற்றிய ஒவ்வொரு தடவையும் குடிக்கிறவருக்கு ஒரு கஷ்டமும் தெரியாமல் போகிறது. வேலை போகவில்லை, கடன்காரன் சட்டையைப் பிடிக்கவில்லை, சோறு தட்டில் வந்துவிடுகிறது. கஷ்டம் முழுவதும் அண்ணியின் தூக்கத்திலும் ரத்தத்திலும் போய்ச் சேருகிறது. அந்த அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. சோகை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "அவங்க சாப்பிட்ட பிறகு பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்கிறார்.

அடுத்தது கணவன் மனைவிக்குள் வந்தது. "ஏங்க, உங்க தம்பிக்கு நானா பெத்த தாய்?" என்பது ஒரு பக்கம். "கூடப் பொறந்தவனை ரோட்டுல விடச் சொல்றியா?" என்பது மறுபக்கம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் அந்தச் சண்டை முடியவே முடியாது. கடைசியில் குடிக்கிறவர் நிம்மதியாகத் தூங்குவார், சம்பந்தமில்லாத இரண்டு பேர் முகம் பார்க்காமல் படுத்திருப்பார்கள். அண்ணன்மாரே, உங்களிடம் தனியாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் கம்பெனியில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் உங்கள் தம்பியை, உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்வது யார்? வாந்தி துடைப்பது யார்? பணம் தேடுவது உங்கள் சுமை என்றால், இது அவர் சுமை. வாரத்தில் ஒரு நாளாவது, விடுமுறை நாளில், அந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டு மனைவியை அம்மா வீட்டுக்கோ கோயிலுக்கோ அனுப்பிப் பாருங்கள்.

ஒரு நாள் மாமியார் முடிவெடுத்தார். கோயிலில் கயிறு கட்டி, இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். ஏமாற்றிவிடுவான் என்று மாட்டுக் கொட்டகை அறையில் வைத்து வெளியே தாழ் போட்டார்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

தினமும் காலையிலிருந்து குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னும் மோசமான ஒரு கட்டம் உண்டு. நாள், இடம் தெரியாது. சுவரில் பூச்சி ஊருகிறது, பாம்பு வருகிறது என்பார். யாரோ கொல்ல வருகிறார்கள் என்று ஓடுவார். உடம்பு கொதிக்கும். இதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போனவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. மூளை சாராயமில்லாமல் தடுமாறுகிற நிலை. வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிர் போவதுண்டு. மருத்துவமனையில் இதற்கு மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள், நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். சில நாளில் உடம்பு தெளிந்துவிடும்.

அந்த வீட்டில் இரண்டாம் ராத்திரி வலிப்பு வந்தது. கையில் சாவிக் கொத்தைத் திணித்தார்கள், வாயில் கரண்டியை வைத்தார்கள். இரண்டும் கூடாது. வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்தால் போதும். எப்படியோ பக்கத்து வீட்டு டெம்போவில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். சாமி மேல் சத்தியம் வாங்குவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். சத்தியம் வாங்குகிற அன்றைக்கே மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தாழ் போடுவது, சங்கிலி கட்டுவது வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. குடி மறக்க வைக்கிறோம் என்று போர்டு மாட்டிய தனியார் இல்லங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். பணம் கட்டுமுன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மருத்துவர் வருகிறாரா, பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பார்க்க விட மாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.

இன்னொரு வழியும் பெண்கள் ரகசியமாகக் கேட்பார்கள். "தெரியாம சோத்துல கலந்து கொடுக்கிற பொடி இருக்காமே?" பேப்பரிலும் பஸ் ஸ்டாண்டிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். டைசல்பிரம் என்று ஒரு மருந்து உண்மையிலேயே உண்டு. ரப்பர்த் தொழிலில் பயன்பட்ட ஒரு ரசாயனம் அது. அதோடு வேலை செய்தவர்களுக்குக் குடித்தால் உடம்பு ஆகவில்லை என்பது தெரிந்திருந்தது. டென்மார்க்கில் ஆராய்ந்து 1948 முதல் குடிநோய்க்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் இறங்கும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் இதயத்தையும் ஈரலையும் பார்த்த பிறகு சாப்பிட வேண்டிய மருந்து. தெரியாமல் கலந்து கொடுத்தீர்கள், அவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் அடித்தார் என்றால், பிணம் வீட்டுக்கு வரலாம், போலீசும் கூடவே வரும். விளம்பரப் பொடியில் என்ன இருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது. குடிக்க வேண்டும் என்கிற ஏக்கத்தைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன் போன்ற வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கள்ளச் சாராயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இந்த எல்லைக்கு அது தெரியும். கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயக் கடைகளை மூடினார்கள். 2008 மே மாதம் பெங்களூர், கோலார் பக்கத்திலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களிலும் விஷச் சாராயம் குடித்து, இரண்டு மாநிலத்திலுமாக 150 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். காரணம் மெத்தனால். குடித்தவருக்கு வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல் என்று எது வந்தாலும் தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள். உடனே 108. சீக்கிரம் போனால் உயிரும் பிழைக்கும், கண்ணும் பிழைக்கும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பி இரண்டு மாதம் கொழுந்தன் குடிக்கவில்லை. அப்போது வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. "கால்கட்டுப் போட்டா திருந்திடுவான்." சூளகிரிப் பக்கம் ஒரு பெண்ணும் பார்த்துவிட்டார்கள்.

தாய்மார்களே, இந்த மாவட்டத்தில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். திருந்தியவர்கள் யாரும் இல்லையா என்றால், ஒருவர் இருவர் இருக்கலாம். ஆனால் மருந்தாக ஒரு பெண்ணைக் கொண்டுவருவது நியாயமா? நீங்கள் மூன்று பேர் சேர்ந்து சுமக்க முடியாததை, 20 வயதுப் பெண் ஒருத்தி, ஊர் தெரியாத இடத்தில், வயிற்றில் பிள்ளையோடு சுமப்பாளா? அந்த வீட்டில் மருமகள் எதிர்த்துப் பேசினார். "நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தா கொடுப்போமா அத்தை?" என்று கேட்டாராம். மாமியார் மூன்று நாள் பேசவில்லை. கணவர் முதலில் அம்மா பக்கம் நின்று, பிறகு மனைவி பக்கம் வந்தார். அவர் அப்படி வந்ததைத்தான் நான் அந்தக் குடும்பத்தின் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி, இப்போது வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவமானமாகத்தான் இருந்தது. நாலு பேர் பேசினார்கள், பிறகு பேச வேறு விஷயம் கிடைத்தது.

மூன்றாம் மாதம் அவர் மறுபடி குடித்தார். இது நடக்கும். பலருக்கு நடக்கும். செலவழித்ததெல்லாம் வீண் என்று கைவிட வேண்டாம். சர்க்கரைக்காரர் கல்யாணச் சாப்பாட்டில் இனிப்புத் தின்றுவிட்டால் மருந்தையே நிறுத்திவிடுகிறோமா? திரும்பவும் கூட்டிப் போனார்கள். இந்தத் தடவை கணவன் மனைவி இருவரும் கூடப் போனார்கள். மருத்துவர் இவர்களையும் தனியாக உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார்.

வீட்டாருக்கும் வைத்தியம் உண்டு என்பது புதிய சங்கதி இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு 1980-இல் டி.டி. ரங்கநாதன் பெயரிலேயே ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே மனைவி, தாய், தகப்பனுக்கும் தனி வகுப்பு நடத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அமெரிக்காவில் குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் சங்கம் 1935-இல் வந்தது. அவர்கள் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிச் சங்கம் 1951-இல் வந்தது. அதைத் தொடங்கியவரும் ஒரு குடிநோயாளியின் மனைவிதான். அங்கே கூடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, வீட்டுக்காரர் குடிப்பதற்கு நான் காரணம் இல்லை என்பதை. நம் ஊர் மனைவிமாரிடம், "நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே, அவர்கள் காதிலும் இது விழட்டும்.

மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிந்தது. மற்ற 37 பேரையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நீங்கள்தான்.

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் வழிகாட்டுவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், ஓசூர், கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைகளில் விசாரியுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருப்பதே ஓசூர் ரோட்டில்தான், பஸ் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டர். குடி, போதைக்கென்றே அங்கே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். கன்னடம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், தமிழும் தெலுங்கும் பேசி அங்கே காரியம் நடக்கும். போகுமுன் போனில் கேட்க வேண்டுமென்றால் 14416, மனநல ஆலோசனைக்கு. 14446, போதை மீட்புக்கு. இரண்டுக்கும் காசு இல்லை.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிற வீட்டாருக்கும் இதே இடங்கள்தான். ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

அடி விழுகிற வீடு என்றால் வைத்தியத்துக்குக் காத்திருக்காதீர்கள். 181 பெண்கள் உதவி எண். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவருக்கு மட்டும் இல்லை, ஒரே வீட்டில் இருக்கிற கொழுந்தனுக்கும் பொருந்தும். வீட்டில் இப்படி இருக்கிறது, பெண்ணைச் சீக்கிரம் கட்டிக் கொடுத்துவிட்டால் பத்திரம் என்று 15, 16 வயதில் கல்யாணம் பேசுகிறவர்களும் உண்டு. பெண்ணின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் 18-க்குக் கீழ் அது குற்றம், பத்திரமும் இல்லை. 1098-க்குச் சொன்னால் பிள்ளைக்கு வேறு வழி பார்ப்பார்கள்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அவர் கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். குழுத் தலைவியிடமோ நம்பிக்கையான ஒரு சொந்தத்திடமோ உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள், ஒருவருக்குத் தெரிந்தாலும் மூச்சு விட இடம் கிடைக்கும். போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள், காலையில் பேசுங்கள். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அவருக்காகக் காத்திருந்து பட்டினி கிடக்காதீர்கள். இரும்புச் சத்து மாத்திரை எங்களிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவரிடம் போகிற அன்று கணவன் மனைவி இருவருமே கூடப் போங்கள். அங்கே கேட்பார்கள்: எத்தனை வருஷமாகக் குடிக்கிறார்? ஒரு நாளைக்கு எவ்வளவு? கடைசியாகக் குடித்தது எந்த நாள், எந்த நேரம்? எப்போதாவது வலிப்பு வந்ததா? ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை உண்டா? இப்போது வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இதையெல்லாம் முந்தின நாள் ராத்திரியே ஒரு சீட்டில் எழுதி, ஆதார் அட்டையோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் இங்கே வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.